கசப்பும் கட்டமைப்பும்: வேம்பின் வேதியியல் ஆய்வு வரலாறு (1856–2007)

ஆய்வுச்சுருக்கம்

வேம்பின் உயிர்ச்செயற்பாடுடைய சேர்மங்களைப் பற்றிய வேதியியல் ஆய்வு 1942இல் சலீமுசமான் சித்தீகியிடமிருந்து தொடங்குவதாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்னரே வேப்பம்பட்டை வேதியியல் சோதனைக்கு உள்ளானது என்பதையும், அந்த ஆய்வில் உதகமண்டலத்திற்கும் பங்குண்டு என்பதையும் இக்கட்டுரை முதலில் எடுத்துக்காட்டுகிறது. பட்டை, எண்ணெய், பருப்பு என ஆய்வுப்பொருள் மாறியபோதெல்லாம் கிடைத்த சேர்மமும் மாறியது. அம்மாற்றத்தைத் தீர்மானித்தது ஆய்வாளர் எழுப்பிய கேள்வியே என்பது இக்கட்டுரையின் கருதுகோள். ‘முன்னோர் அனைத்தையும் அறிந்திருந்தனர்’ என்னும் கூற்றின் வரம்பும் மியூனிக் காப்புரிமை வழக்கின் துணையுடன் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வேம்பு, வேப்பம்பருப்பு, நிம்பின், அசாடிராக்டின், உதகமண்டலம், உண்ணத்தடைப் பொருள், காப்புரிமை, மரபறிவு

முன்னுரை

தமிழர் வாழ்வில் வேம்பின் இடம் தனித்துக் கூற வேண்டாதது. பாண்டியரின் அடையாளப் பூவாகத் தொல்காப்பியம் அதனைக் குறிக்கிறது. அதன் காயின் கசப்பைக் காதலின் மாற்றத்தைச் சொல்லப் பயன்படுத்துகிறது குறுந்தொகையின் 196ஆம் பாடல். நெற்குதிரில் வேப்பிலை இடுவதும், வயலுக்கு வேப்பம்புண்ணாக்கு இடுவதும், அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகுவதும் இன்றும் காணத்தக்க வழக்கங்கள்.

இவ்வழக்கங்களை முன்வைத்து எழுதப்படும் தமிழ் ஆய்வுக்கட்டுரைகளில் ஒரு முடிபு திரும்பத் திரும்ப வருகிறது. இன்றைய அறிவியல் வேம்பில் கண்டறிந்தவற்றை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்பதே அது. இதற்கு மாறாக, வேதியியல் வரலாற்று நூல்கள் ஆய்வகத்தில் சேர்மம் பிரிக்கப்பட்ட நாளிலிருந்தே வரலாற்றைத் தொடங்குகின்றன. முதல் நோக்கு, ஒரு பண்பை அறிவதற்கும் ஒரு சேர்மத்தை அறிவதற்கும் உள்ள வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. இரண்டாவது நோக்கு, அந்த ஆய்வகத்திற்கு வேப்பங்கொட்டை ஏன் வந்து சேர்ந்தது என்னும் கேள்வியை விட்டுவிடுகிறது. இவ்விரு குறைகளையும் தவிர்த்து, வேம்பின் எந்தப் பகுதி எந்தக் காலத்தில் எதன்பொருட்டு ஆராயப்பட்டது என்பதை வரிசைப்படுத்திக் காண இக்கட்டுரை முயல்கிறது.

பட்டையும் காய்ச்சலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தாவர வேதியியலை வழிநடத்தியவை அல்கலாய்டுகள். அபினியிலிருந்து மார்ஃபினும், 1820இல் பெல்லட்டியே, கவன்டூ ஆகிய இருவரால் சிங்கோனா பட்டையிலிருந்து குயினினும் பிரிக்கப்பட்டபின், கசப்புடைய ஒவ்வொரு மருந்துப்பட்டையிலும் ஓர் அல்கலாய்டு இருக்கும் என்னும் எதிர்பார்ப்பு வலுப்பெற்றது. குடியேற்ற நாடுகளில் இந்த எதிர்பார்ப்புக்கு நிருவாகத் தேவையும் துணைநின்றது. மலேரியாக் காய்ச்சல் படையினரையும் தோட்டத் தொழிலாளரையும் வீழ்த்திக்கொண்டிருந்த காலத்தில் குயினின் விலை மிகுந்த பொருளாக இருந்தது. உள்நாட்டிலேயே கிடைக்கும் மாற்றுப்பட்டை ஒன்று கண்டறியப்படின் அரசுக்குப் பெருஞ்செலவு குறையும்.

இச்சூழலில்தான் வேப்பம்பட்டை வேதியியலாரின் கைக்கு வந்தது. 1856இல் கார்னிஷ் என்பவர் அப்பட்டையிலிருந்து ‘மார்கோசின்’ எனத் தாம் பெயரிட்ட கசப்பு அல்கலாய்டு ஒன்றைக் கண்டதாக அறிவித்தார். வெண்ணிற ஊசிப் படிகங்களாக, மிகச் சிறிய அளவிலேயே அது அவருக்குக் கிடைத்தது. 1868இல் எட்வர்டு ஜான் வேரிங் பதிப்பித்த ‘இந்திய மருந்தியல் நூல்’ வேப்பம்பட்டையையும் இலையையும் ஏற்புபெற்ற மருந்துப்பொருள்களுள் சேர்த்தது. அந்நூலுக்கு மறு ஆண்டில் துணைநூல் எழுதியவர் சென்னை மருத்துவர் மொகிதீன் ஷெரீப். இந்திய மொழிகளில் வழங்கும் மருந்துப் பெயர்களை முறைப்படுத்தியது அவர் பணியின் சிறப்பு. எந்தச் செடியைப் பற்றிப் பேசுகிறோம் என்பது உறுதிப்படாமல் வேதியியல் ஆய்வு நிகழ இயலாது. அவ்வகையில் அவரது பெயராய்வும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

கார்னிஷின் முடிவு நெடுநாள் நிலைக்கவில்லை. நீலகிரியின் சிங்கோனா தோட்டங்களுக்காகச் சென்னை அரசு அமர்த்தியிருந்த குயினின் ஆய்வாளர் ஜான் பிரௌட்டன் உதகமண்டலத்தில் வேப்பம்பட்டையை மீண்டும் ஆராய்ந்தார். அதன் கசப்புக்குக் காரணம் அல்கலாய்டு அன்று, நடுநிலைத்தன்மையுடைய பிசின் போன்ற பொருளே என்பது 1873இல் வெளியான அவரது முடிவு. ஃப்ளூக்கிகர், ஹான்பரி ஆகியோர் 1874இல் வெளியிட்ட ‘பார்மகோகிராஃபியா’வும் இந்த முடிவைப் பதிவு செய்தது.

வேம்பு குயினினுக்கு மாற்றாகாது என்பதே இதன் நடைமுறைப் பொருள். அதனுடன் அரசின் ஆர்வமும் குறைந்தது. பிரௌட்டன் கண்ட நடுநிலைக் கசப்புப்பொருள் எது என்னும் கேள்வியைத் தொடர்வதற்கு அன்றைய வேதியியலில் கருவியும் இல்லை, நிருவாகத்திற்குத் தேவையும் இல்லை. எனினும் அவருடைய மறுப்பு, வரலாற்றில் ஓர் உறுதியான அடி. வேம்பின் கசப்பு நைட்ரஜன் கொண்ட அல்கலாய்டு வகையைச் சேர்ந்ததன்று என்பது பின்வந்த ஆய்வுகளாலும் மெய்ப்பிக்கப்பட்டது. வேம்பின் முதன்மைக் கசப்புப்பொருள்கள் லிமோனாய்டுகள் என்னும் வகையைச் சார்ந்தவை. அவற்றில் நைட்ரஜன் இல்லை.

எண்ணெயும் நிம்பினும்

பிரௌட்டனுக்குப் பின் உதகமண்டலத்தில் அதே பதவியை வகித்த டேவிட் ஹூப்பர், பம்பாயின் டைமக், கல்கத்தாவின் வார்டன் ஆகியோருடன் இணைந்து 1890க்கும் 1893க்கும் இடையில் ‘பார்மகோகிராஃபியா இண்டிகா’வை வெளியிட்டார். இக்காலத்தில் கவனம் பட்டையிலிருந்து வேப்பெண்ணெய்க்கு நகர்ந்தது. எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் அளவிடப்பட்டன. கசப்புப்பொருள் மட்டும் அடையாளம் காணப்படாமலே நின்றது.

அத்தடையை நீக்கியவர் சலீமுசமான் சித்தீகி (1897–1994). செருமனியின் பிராங்க்ஃபர்ட்டில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், ஹக்கீம் அஜ்மல் கான் தில்லியில் நிறுவிய ஆயுர்வேத யுனானி திப்பியாக் கல்லூரியில் ஆய்வைத் தொடங்கினார். சர்ப்பகந்தி வேரிலிருந்து தாம் பிரித்த அல்கலாய்டு ஒன்றுக்கு அந்த ஹக்கீமின் நினைவாக ‘அஜ்மலின்’ எனப் பெயரிட்டார். மரபு மருத்துவத்தை மறுப்பதற்காகவோ போற்றுவதற்காகவோ அன்றி, அதனை ஆய்வுக்குரிய வினாக்களின் கருவூலமாகக் கொண்டவர் அவர் என்பதற்கு இப்பெயரே சான்று.

1942இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளிவந்த அவரது சிறு குறிப்பு, வேப்பெண்ணெயிலிருந்து மூன்று கசப்புப்பொருள்களைப் பிரித்ததை அறிவித்தது. அவை நிம்பின், நிம்பினின், நிம்பிடின் என்பன. வெவ்வேறு கரைப்பான்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்தி எண்ணெயிலிருந்து கசப்பைப் படிப்படியாகப் பிரித்தது அவர் முறை. 1945இல் மித்ராவுடன் இணைந்து இப்பொருள்களை மருந்துத் தொழிலில் பயன்படுத்தும் வழிகளையும் எழுதினார். பொருள் பிரிக்கப்பட்டதேயன்றி அதன் மூலக்கூற்றுக் கட்டமைப்பு அப்போது தெளிவாகவில்லை. நிம்பினின் கட்டமைப்பு 1960களிலேயே தெளிவானது. 1951இல் சித்தீகி பாக்கித்தானுக்குக் குடிபெயர்ந்தார். அதன்பின் வேம்பு ஆய்வு கராச்சியிலும் இந்திய ஆய்வகங்களிலும் தனித்தனியே வளர்ந்தது.

இங்கு ஒன்று கருதத்தக்கது. சித்தீகியைச் சேர்மத்திற்கு இட்டுச்சென்றது கசப்பு. பிரித்த பகுதிகளுள் கசப்புடையதைத் தொடர்ந்து செல்வதே அன்றைய வழி. அதாவது, சோதனைக் கருவியாக அமைந்தது மனித நாக்கு. ஆய்வுப்பொருளாக அமைந்தது எண்ணெய். இவ்விரண்டும் சேர்ந்து ஒரு பொருளை ஆய்வாளர் பார்வையிலிருந்து விலக்கிவைத்தன. பின்னாளில் உலகெங்கும் பேசப்பட்ட அசாடிராக்டினே அது. எண்ணெயில் எளிதில் கரையாத இச்சேர்மத்தின் பெரும்பகுதி, பருப்பைப் பிழிந்தபின் புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. சித்தீகியின் ஆய்வு குறைபட்டது என்பது இதன் பொருளன்று. அவர் கேட்ட கேள்விக்கு அவருக்குக் கிடைத்த விடை முழுமையானதே. வேறு கேள்வி எழ வேறு சூழல் தேவைப்பட்டது.

பருப்பும் வெட்டுக்கிளியும்

அச்சூழலை உருவாக்கியது பாலைவன வெட்டுக்கிளி. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் பயிரையும் மரங்களையும் அழித்தபோது வேப்பமரங்கள் மட்டும் பசுமையுடன் நின்றதைச் செருமானியப் பூச்சியியலாளர் ஹைன்ரிச் ஷ்முட்டரர் கண்டார். 1962இல் தில்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த எஸ். பிரதான், ஜோத்வானி, ராய் ஆகியோர் வேப்பம்பருப்பை அரைத்து நீரில் கலக்கிப் பயிர்களின்மீது தெளித்துப் பார்த்தனர். வெட்டுக்கிளிகள் வந்து அமர்ந்தன. ஆனால் உண்ணவில்லை. தெளிப்பின் பயன் சில இடங்களில் மூன்று வாரம் வரை நீடித்தது.

பிரதானின் சோதனையில் இரு மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. எண்ணெயின் இடத்தில் முழுப் பருப்பும், கரிமக் கரைப்பானின் இடத்தில் நீரும் வந்தன. சோதிக்கும் வாய் மனிதனுடையதாக இல்லாமல் வெட்டுக்கிளியினுடையதாக ஆனது. இவ்விரு மாற்றங்களுக்குப் பின்னரே வேதியியலாருக்குப் புதிய கேள்வி கிடைத்தது: வெட்டுக்கிளியை உண்ணவிடாமல் தடுக்கும் பொருள் எது?

1967இல் இசுரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் லாவி குழுவினர், வேம்பிலும் அதன் இனமான மலைவேம்பு வகையிலும் ‘மெலியான்டிரையால்’ என்னும் உண்ணத்தடைப் பொருளைக் கண்டனர். மறு ஆண்டில் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்டர்வொர்த்தும் டேவிட் மார்கனும் வேப்பங்கொட்டையிலிருந்து அசாடிராக்டினைப் பிரித்ததை அறிவித்தனர். அவர்கள் கையாண்ட முறை கவனத்திற்குரியது. பிரித்தெடுத்த ஒவ்வொரு பகுதியையும் சர்க்கரை ஏற்றிய வடிதாளில் தடவி, பட்டினி கிடந்த வெட்டுக்கிளிகளுக்கு வைத்தனர். எப்பகுதி தடவிய தாள் கடிபடாமல் எஞ்சியதோ அப்பகுதியை மட்டும் அடுத்த நிலைக்கு எடுத்துச் சென்றனர். உயிரியல் சோதனையால் வழிநடத்தப்படும் பிரிப்புமுறை என இன்று வழங்கும் முறைக்கு இது தெளிவான எடுத்துக்காட்டு. 1972இல் ரஸ்கோ வெளியிட்ட ஆய்வு, இச்சேர்மம் உண்ணுதலைத் தடுப்பதோடு பூச்சியின் தோலுரிப்பையும் வளர்ச்சியையும் குலைக்கிறது என்பதைக் காட்டியது.

கட்டமைப்பைத் தேடிய ஆண்டுகள்

அசாடிராக்டின் மூலக்கூறு 35 கார்பன், 44 ஹைட்ரஜன், 16 ஆக்சிஜன் அணுக்களால் ஆனது. எளிதில் படிகமாகாதது, ஒளியாலும் அமிலத்தாலும் காரத்தாலும் சிதைவது. ஆகவே அதன் கட்டமைப்பை அறுதியிட நெடுங்காலம் தேவைப்பட்டது. 1975இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கோஜி நகானிஷி குழுவினர் ஒரு கட்டமைப்பை முன்மொழிந்தனர். பத்தாண்டுகள் அது பெரும்பாலும் ஏற்கப்பட்டிருந்தது. 1985இல் செருமனியின் ஹோகன்ஹைம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரௌஸ் குழுவினர் அதனைத் திருத்தினர். ஸ்டீவன் லே குழுவினர் அசாடிராக்டினின் வழிப்பொருள் ஒன்றைப் படிகமாக்கி எக்ஸ் கதிர் ஆய்வின்வழி இத்திருத்தத்தை உறுதி செய்தனர். நகானிஷி குழுவினரும் 1987இல் திருத்தப்பட்ட வடிவத்தை ஏற்று எழுதினர்.

இக்காலத்தில் தமிழகத்தின் பங்கும் மீண்டும் தோன்றுகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் தாவர அல்கலாய்டு ஆய்வை வளர்த்து, பின்னர் பம்பாயின் சிபா ஆய்வு மையத்தை வழிநடத்திய டி. ஆர். கோவிந்தாச்சாரி, தம் முதிய பருவத்தில் சென்னையின் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையில் வேப்பம்பருப்பை ஆராய்ந்தார். 1992இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் அசாடிராக்டின் எச், அசாடிராக்டின் ஐ என்னும் இரு புதிய சேர்மங்களை அறிவித்தனர். பருப்பில் இருப்பது ஒரே ஒரு ‘செயற்பொருள்’ அன்று, நெருங்கிய உறவுடைய பல சேர்மங்களின் தொகுதி என்னும் கருத்துக்கு இத்தகைய ஆய்வுகள் வலுவூட்டின.

2007இல் லே குழுவினர் அசாடிராக்டினை முழுமையாகச் செயற்கையாக உருவாக்கினர். 22 ஆண்டுகள் நீடித்த அம்முயற்சி 71 படிகளைக் கொண்டது. இறுதியில் கிடைத்த விளைச்சல் 0.00015 விழுக்காடு. கரிம வேதியியலின் பெருஞ்சாதனைகளுள் ஒன்றாக இது மதிக்கப்படுகிறது. அதே எண், இச்சேர்மத்தை ஆலையில் உற்பத்தி செய்து விற்க இயலாது என்பதையும் காட்டுகிறது. விற்பனைக்குரிய அசாடிராக்டின் இன்றும் வேப்பங்கொட்டையிலிருந்தே வருகிறது. ஆய்வகத்தின் வெற்றி மரத்தின் தேவையை நீக்கவில்லை.

மியூனிக்கில் எழுந்த கேள்வி

கொட்டை பொருளாதார மதிப்புப் பெற்றபோது ‘இதனை முதலில் அறிந்தவர் யார்’ என்னும் கேள்வி சட்டக்கேள்வியாயிற்று. அமெரிக்காவைச் சேர்ந்த மரவணிகர் இராபர்ட் லார்சன் 1985இல் சிதையாது நிற்கும் வேப்பங்கொட்டைச் சாற்றுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் அவ்வுரிமை டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனத்திடம் சென்றது. அந்நிறுவனமும் அமெரிக்க வேளாண் துறையும் கூட்டாக விண்ணப்பித்த மற்றொரு காப்புரிமையை 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் வழங்கியது. நீரொட்டாக் கரைப்பான் கொண்டு பிரித்த வேப்பெண்ணெயால் பயிர்ப் பூஞ்சைகளைக் கட்டுப்படுத்தும் முறை பற்றியது அது. பொதுவெளியில் இது ‘வேப்பமரத்துக்கே காப்புரிமை’ என்று பேசப்பட்டது. உண்மையில் அதன் மையம் மரமும் அன்று, அசாடிராக்டினும் அன்று. சித்தீகி ஆராய்ந்த அதே எண்ணெயே மீண்டும் வழக்கின் பொருளானது.

வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்றப் பசுமைக் குழுவினர், இயற்கை வேளாண் இயக்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஆகியோர் 1995இல் எதிர்ப்பு மனு அளித்தனர். 2000 மே மாதம் மியூனிக்கில் நடந்த விசாரணையின் முடிவில் காப்புரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீடு 2005 மார்ச் 8 அன்று தள்ளுபடியானது. 2000ஆம் ஆண்டு விசாரணையில் மகாராட்டிரத்தைச் சேர்ந்த உற்பத்தியாளர் ஒருவரின் சான்று முக்கிய இடம்பெற்றது. 1980களின் நடுவில் தாம் வேப்பெண்ணெய்ச் சாற்றைப் பூஞ்சைக்கொல்லியாக வயல்களில் சோதித்ததை அவர் எடுத்துரைத்தார்.

இச்சான்றின் தன்மை தமிழ் ஆய்வாளரின் சிந்தனைக்குரியது. வேம்பின் தொன்மை எவராலும் மறுக்கப்படவில்லை. எனினும் வழக்குக்கு வேண்டியிருந்தது, குறித்த ஒரு சாறு, குறித்த ஒரு பயன், குறித்த ஓரிடம், குறித்த ஒரு காலம் என்னும் நான்கும் சேர்ந்த சான்று. மேலும், ஐரோப்பியச் சட்டம் உலகின் எப்பகுதியில் நிகழ்ந்த வெளிப்படையான பயன்பாட்டையும் முன்னறிவாக ஏற்றது. அன்றைய அமெரிக்கச் சட்டமோ, பிற நாடுகளைப் பொறுத்தவரை அச்சில் வெளியான பதிவையும் வழங்கப்பட்ட காப்புரிமையையும் மட்டுமே ஏற்றது. பிறநாட்டு உழவரின் எழுதப்படாத வழக்கம் அங்கு முன்னறிவாகக் கணக்கிடப்படவில்லை. 2011ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திற்குப் பின்னரே இந்நிலை மாறியது. ஆயுர்வேதம், யுனானி, சித்தம் ஆகிய மருத்துவமுறைகளின் நூற்செய்திகளைக் காப்புரிமை ஆய்வாளர் அறியும் வடிவில் தொகுக்கும் மரபறிவு மின்னூலகத்தை இந்திய அரசு உருவாக்க இத்தகைய வழக்குகளே தூண்டுதலாயின.

மரபறிவின் எல்லையும் மதிப்பும்

இப்பின்னணியில், தமிழக உழவர் இன்று பயன்படுத்தும் வேப்பங்கொட்டைச் சாற்றை எடுத்துக்கொள்ளலாம். 5 கிலோ பருப்பை இடித்து, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, சோப்புக் கரைசல் சேர்த்து 100 லிட்டராக்கி மாலையில் தெளிப்பது பரிந்துரைக்கப்படும் முறை. இதனைத் தொன்மையான முறை எனக் கூறுவது எளிது. ஆயின் எடை, விழுக்காடு, சோப்புக் கரைசல் ஆகியன வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் மொழியைச் சேர்ந்தவை. கொட்டையைப் பொறுக்கி நிழலில் உலர்த்தும் பழக்கமும், புண்ணாக்கைப் பூச்சிக்கு எதிராக மண்ணில் இடும் பழக்கமும் உழவரின் மரபைச் சேர்ந்தவை. இன்றைய சாறு இவ்விரண்டின் சேர்க்கை. அதனை முழுவதும் ஒரு பக்கத்திற்கு உரியதாக்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

உழவரின் அறிவு அசாடிராக்டினைப் பற்றிய அறிவு அன்று. எந்தப் பகுதியை, எவ்வாறு உலர்த்தி, எதற்கு இடுவது என்பது பற்றிய செய்முறை அறிவு அது. ஒளியில் சிதையும் சேர்மத்தை நிழலில் உலர்த்திக் காத்ததும், எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் புண்ணாக்கின் மதிப்பை உணர்ந்ததும் அச்செய்முறையின் நுட்பத்தைக் காட்டுகின்றன. காரணத்தை அறியாமலே பயனைப் பாதுகாத்தது அது. இதுவே அதன் எல்லை. இதுவே அதன் பெருமையும் ஆகும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. வேம்பின் வேதியியல் வரலாற்றை 1942இல் தொடங்குவது பொருந்தாது. 1856இலும் 1873இலும் நிகழ்ந்த பட்டை ஆய்வுகளும், குறிப்பாக உதகமண்டலத்தில் பிரௌட்டன் அளித்த மறுப்பும், அதில் இடம்பெற வேண்டும். காய்ச்சல் பற்றிய கேள்வி பட்டைக்கும், மருந்து பற்றிய கேள்வி எண்ணெய்க்கும், வெட்டுக்கிளி பற்றிய கேள்வி பருப்புக்கும் இட்டுச்சென்றது. ஒவ்வொரு முறையும் விடையாகக் கிடைத்த சேர்மம் வேறு. ஆகவே ‘வேம்பில் உள்ள செயற்பொருள்’ என ஒருமையில் எழுதுவது இவ்வரலாற்றுக்கு மாறானது.

மரபறிவைப் பற்றி எழுதும் தமிழ் ஆய்வாளர், தாவரத்தின் பகுதி, பதப்படுத்தும் முறை, பயன், இடம், காலம் ஆகியவற்றைத் தனித்தனியே பதிவு செய்தல் வேண்டும். முன்னோர் அனைத்தையும் அறிந்திருந்தனர் என்னும் பொதுக்கூற்று மியூனிக்கில் எதனையும் காத்திருக்காது. ஒரு வயலில் ஓர் ஆண்டில் நிகழ்ந்ததைத் தேதியுடன் கூறிய ஒருவரின் சான்று அங்குச் செவிமடுக்கப்பட்டது. நம் ஊர்களில் வேப்பங்கொட்டை பொறுக்கி உலர்த்தும் முதியோரின் செய்முறைகள் இன்னும் பெரும்பாலும் எழுதப்படாமலே உள்ளன. அவற்றை அவர்கள் வாய்மொழியிலேயே துல்லியமாகப் பதிவு செய்வது, தமிழியல் ஆய்வும் தாவர வேதியியலும் இணைந்து ஆற்ற வேண்டிய பணியாகும்.